வீட்டு ஃபேட் மெஷின் 24 காட்டுது, ஜிம் மெஷின் 29.5 காட்டுது, எதை நம்பறது?

சேலத்துசைக்கிள்:
வணக்கம் மக்களே. ஆம்பளை, வயசு 34, ஹைட் 172, வெயிட் 80. ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு கொஞ்ச மாசம் ஆச்சு, ஆரம்பிக்கறப்ப 81 இருந்தேன். வீட்ல ஆப்போட கனெக்ட் ஆகற கண்ணாடி ஸ்கேல் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், அதுல முதல்ல பாடி ஃபேட் 24.6 இருந்துச்சு, இன்னிக்குக் காலைல 24.3. அவ்ளோதான். சாப்பாட்டக் குறைச்சு, விடாம வெயிட் தூக்கி, சாயங்காலம் முறுக்கு மிக்சர் எல்லாம் நிறுத்தி, அதுக்கப்புறம் பாயிண்ட் மூணுதான் இறங்கிருக்குன்னா மனசு விட்டுப் போகுது. இதுல நேத்து ஜிம்ல கைப்பிடியப் புடிச்சுகிட்டு நிக்கற பெரிய மெஷின்ல ஏத்தினாங்க, அது 29.5-ங்குது. ஒரே ஆளுக்கு அஞ்சு பர்சன்ட் வித்தியாசம் எப்படி வரும்? எது கரெக்ட்? நான் இம்ப்ரூவ் ஆகறேனா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கறது?

பளுதூக்கி_மதுரை:
ஜிம் மெஷின நம்புங்க ப்ரோ. அதுல கைக்கு நாலு காலுக்கு நாலுன்னு எட்டு எலக்ட்ரோடு (கரண்ட் போற உலோகத் தகடு) இருக்கும், கை, கால், நடு உடம்புன்னு தனித்தனியா அளக்கும். வீட்டு ஸ்கேல்ல பாதத்துக்கு மட்டும்தான்.

ஓம்விதி:
எட்டு எலக்ட்ரோடு நல்லதுதான், ஆனா அதுவும் கொழுப்ப நேரா அளக்கல, இத முதல்ல எல்லாரும் மனசுல வாங்கிக்கணும். நான் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பாக்கறவன், அதனால இதுல கொஞ்சம் ஆர்வம்.

இந்த மெஷின் எல்லாமே ஒரே வேலையத்தான் செய்யுது. ரொம்பச் சின்ன கரண்ட், ஒரு மில்லிஆம்பியருக்கும் கம்மி, பொதுவா 50 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைல உடம்புக்குள்ள விடும். தசைல தண்ணியும் உப்பும் அதிகம், அதுல கரண்ட் ஈசியாப் போகும், கொழுப்புல தண்ணி கம்மி, அங்க தடை அதிகம். அந்தத் தடை எவ்ளோன்னு அளக்கறதோட மெஷினோட உண்மையான அளவை முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல எல்லாம் கணக்கு. உங்க ஹைட்டோட வர்க்கத்த தடையால வகுத்து, வெயிட்டு வயசு ஆணா பொண்ணா எல்லாத்தையும் ஒரு ஃபார்முலாவுல போட்டு, உடம்புல இவ்ளோ தண்ணி இருக்கும்னு ஒரு எண் வரும். கொழுப்பு இல்லாத பாகத்துல சுமார் 73 சதம் தண்ணிதான்னு எடுத்துகிட்டு அதுல இருந்து கொழுப்பில்லாத எடை எவ்ளோன்னு போடுவாங்க. மொத்த எடைல அத கழிச்சா மிச்சம் கொழுப்பு. பாருங்க, கடைசியாக் கழிச்சு மிச்சம் வர்றதுதான் அந்த பர்சன்டேஜ், அதனால நடுவுல எங்க தப்பு நடந்தாலும் அது அப்படியே கொழுப்பு மேல வந்து விழும்.

அந்த ஃபார்முலா ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற, யாரும் வெளிய சொல்றதில்ல. எந்த ஜனங்கள அளந்து அத உருவாக்கினாங்களோ அவங்க மாதிரி உடம்பு உங்களுக்கும் இருந்தா கிட்ட வரும், இல்லன்னா விலகிப் போகும். ரெண்டு மெஷின் ரெண்டு நம்பர் சொல்றதுல ஆச்சரியமே இல்ல.

இன்னொண்ணு, பாதத்துல மட்டும் எலக்ட்ரோடு இருந்தா கரண்ட் ஒரு கால்ல ஏறி இடுப்புகிட்ட திரும்பி இன்னொரு கால்ல இறங்கிடும். வயித்துப் பக்கம், நெஞ்சுப் பக்கம் சரியாப் போறதே இல்ல. நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு கொழுப்பு சேர்றதே வயித்துலதான், காலு குச்சியாட்டம் இருக்கும். அப்ப அந்த மெஷின் எதைப் பாத்து வயித்தக் கணக்குப் போடுது?

சேலத்துசைக்கிள்:
அண்ணா இது நல்லாப் புரியுது. ஆனா எட்டு எலக்ட்ரோடு மெஷின்ல வயிறு வழியாவும் கரண்ட் போகுதுல்ல?

ஓம்விதி:
போகுது. ஆனா அங்கயும் ஒரு சிக்கல். கையும் காலும் நீளமா ஒல்லியா இருக்கறதால தடை பெரும்பாலும் அங்கயே வந்துடுது. நடு உடம்பு மொத்த எடைல பாதிகிட்ட இருந்தாலும் மொத்தத் தடைல பத்துல ஒரு பங்கு அளவுதான் அதோடது. பாதி உடம்ப அவ்ளோ சின்ன சிக்னல வச்சு கண்டுபிடிக்கணும். ஸ்கேலோட ஒப்பிட்டா பெட்டர், அதுக்காக அது சொல்றது வேதவாக்கு ஆகிடாது.

கணக்குவாத்தியார்:
தம்பி, உங்க ஹைட் வெயிட்ட வச்சு ஒரு கணக்குப் போட்டேன். 1991-ல டியூரன்பர்க்னு ஒருத்தர் குழுவா சேர்ந்து வெளியிட்ட ஃபார்முலா இருக்கு, அதுல கரண்டும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பிஎம்ஐ-ய (கிலோல எடைய, மீட்டர்ல உயரத்தோட வர்க்கத்தால வகுத்தா வர்ற எண்) 1.2 ஆல பெருக்கி, வயச 0.23 ஆல பெருக்கி ரெண்டையும் கூட்டி, அதுல 5.4 கழிக்கணும், ஆம்பளைன்னா இன்னும் ஒரு 10.8 கழிக்கணும். உங்க பிஎம்ஐ 27. போட்டுப் பாத்தா 24.1 வருது. 81 கிலோ இருந்தப்ப 24.5.

உங்க ஸ்கேல் அப்ப 24.6, இப்ப 24.3. பேப்பர்ல பேனாவுல போட்ட கணக்கும் காசு குடுத்து வாங்கின மெஷினும் கிட்டத்தட்ட ஒண்ணையே சொல்லுது. ஆளப் பாக்காம உயரமும் எடையும் மட்டும் கேட்டுகிட்டு சட்டை தைச்சுக் குடுக்கற டெய்லர் மாதிரிதான் இது. பல பேருக்கு ஓரளவு பொருந்தும். நீங்க கொழுப்பக் குறைச்சு தசைய ஏத்தினா எடை மாறாது, எடை மாறலைன்னா இந்த மாதிரி மெஷினுக்கு உங்க உழைப்பு கண்ணுலயே படாது. எனக்குக் கவலை அதுதான், நல்லா முன்னேறிகிட்டு இருக்கற பையன் இந்த நம்பரப் பாத்துட்டு ஜிம்ம விட்டுடக் கூடாது.

சந்தேகமா இருந்தா ரெண்டு டெஸ்ட் பண்ணுங்க. சாக்ஸ் போட்டுகிட்டு ஏறுங்க, அப்பவும் பாடி ஃபேட் காட்டினா அது கரண்டே விடல, வெறும் பிஎம்ஐ கணக்குதான். அடுத்து ஆப்ல வயச 60-னு மாத்திட்டு உடனே ஏறிப் பாருங்க.

பளுதூக்கி_மதுரை:
சார் இந்த சாக்ஸ் டெஸ்ட் சூப்பர், எங்க ஜிம் வாசல்ல கிடக்கற மெஷின்லயும் பண்ணிப் பாத்துடறேன்.

தேன்கூடு:
பொண்ணுங்க சைட்ல இருந்து ஒண்ணு சொல்லணும், இத எந்த ட்ரெய்னரும் சொல்றதில்ல. பீரியட்ஸுக்கு முன்னாடி நிறைய பேருக்கு உடம்புல தண்ணி தேங்கும், எடை ஒரு கிலோ ரெண்டு கிலோ கூட ஏறும், அது கொழுப்பு கிடையாது. ஆனா ஸ்கேல்ல நம்பர் குதிக்கும், இந்தப் பக்கமும் குதிக்கும் அந்தப் பக்கமும் குதிக்கும். போன வாரத்தோட இந்த வாரத்த ஒப்பிட்டுப் பாத்து அழுத ஃப்ரெண்ட்ஸ் எனக்கு இருக்காங்க. பீரியட்ஸ் முடிஞ்ச வாரத்த போன மாசம் பீரியட்ஸ் முடிஞ்ச வாரத்தோட மட்டும் ஒப்பிடுங்க, நடுவுல வர்ற நம்பர எழுதி வைங்க ஆனா அதை வச்சு சாப்பாட்டுல கை வைக்காதீங்க, ப்ளீஸ்.

கோவைகிட்ட:
தண்ணி மேட்டர்ல எனக்கொரு டவுட்டுங்க. தண்ணி நிறைய குடிச்சா கரண்ட் நல்லாப் போகும், அப்ப ஃபேட் கம்மியாக் காட்டும்னு எங்க ட்ரெய்னர் சொன்னாருங்க. நான் ஒரு லிட்டர் குடிச்சுட்டு ஏறினா ஏறித்தானுங்க காட்டுச்சு?

ஓம்விதி:
அது சரியாத்தான் காட்டிருக்கு. குடிச்ச தண்ணி உடனே தசைக்குப் போயிடாது, கொஞ்ச நேரம் வயித்துல கிடக்கும். வயித்துப் பக்கத்துத் தடை மொத்தத்துல கம்மிங்கறதால தடை பெருசா மாறாது, ஆனா எடை ஒரு கிலோ ஏறிடும். தடை மாறாம எடை மட்டும் ஏறினா மெஷின் அதுல பெரும்பங்கக் கொழுப்புக் கணக்குல எழுதிடும். நேரம் போய் தண்ணி உடம்புல பரவினதுக்கு அப்புறம்தான் உங்க ட்ரெய்னர் சொன்னது.

அதே மாதிரி வொர்க்கவுட் முடிச்சதும் ஏறினா தோல் சூடா, வேர்வையா, ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும், தடை இறங்கும், கொழுப்பு கம்மியாக் காட்டும். முந்தின நாள் வெயில்ல அலைஞ்சு தண்ணி இல்லாம வத்திப் போய் ஏறினா தடை ஏறும், கொழுப்பு அதிகமாக் காட்டும். சரக்கு அடிச்ச மறுநாளும் அப்படித்தான். காலு காய்ஞ்சு பித்தவெடிப்பா இருந்தா அதுவும் சேரும்.

அதனாலதான் காலைல எந்திரிச்சு டாய்லெட் போய்ட்டு, எதுவும் சாப்டாம குடிக்காம, தரை சமமா இருக்கற அதே இடத்துல வச்சு ஏறணும்ங்கறது. இந்த மெஷினுக்கு இருக்கற ஒரே பலம் அதுதான், நிலைமை ஒண்ணா இருந்தா தப்பும் ஓரளவு ஒண்ணாவே இருக்கும், அப்ப போக்கு தெரியும்.

பளுதூக்கி_மதுரை:
இத வச்சுதான் சில ஜிம்ல 'முன் பின்' போட்டி நடத்தறாங்க போல. முதல் நாள் சாயங்காலம் டிபன் சாப்ட்டு வந்தவன ஏத்தி நம்பர் எடுக்கறது, கடைசி நாள் நல்லா வேர்க்க ஓட விட்டு ஏத்தறது. நாலு பர்சன்ட் குறைஞ்சிருச்சுன்னு சர்டிபிகேட். பணம் கட்டி சேர்ற பசங்களுக்கு இது அநியாயம்.

கணக்குவாத்தியார்:
ஒரே ராத்திரில நம்பர் இறங்கினதும் சந்தோஷப்படறவங்க இத ஒரு தடவ போட்டுப் பாக்கணும். 80 கிலோ ஆளுக்கு 26 சதம்னா கொழுப்பு 20.8 கிலோ. மறுநாள் 79.5 கிலோ, 24 சதம்னா 19.1 கிலோ. ஒண்ணேமுக்கா கிலோ கொழுப்பு ஒரே ராத்திரில கரைஞ்சிருக்கணும். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரி, அப்ப 13 ஆயிரம் கலோரி தூங்கும்போதே எரிஞ்சிருக்கணும். நடக்காது. மாறினது தண்ணி.

அரிசிய நிறுத்திட்டு முதல் வாரத்துல ரெண்டு கிலோ குறைஞ்சேன்னு சொல்றதும் பெரும்பாலும் இதுதான். தசைலயும் ஈரல்லயும் சேமிச்சு வச்சிருக்கற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமும் கூடவே மூணு கிராம் தண்ணியப் புடிச்சு வச்சிருக்கும். அது காலியாகும்போது தண்ணியும் போயிடும். கிரியேட்டின் (ஜிம் போறவங்க தசைக்காக எடுக்கற பவுடர்) எடுக்கறவங்களுக்கு நேர் மாறா தசைக்குள்ள தண்ணி ஏறும்.

டொரோண்டோதமிழன்:
நான் டெக்சா எடுத்தனான், அதைப் பற்றியும் சொல்லுறன். எலும்பு அடர்த்தி பாக்கிற அதே மிஷின்தான், படுக்க வச்சு ரெண்டு விதமான எக்ஸ்ரே கதிர் விடுவினம், கதிர் அளவு மிகவும் குறைவு. எலும்பு, கொழுப்பு, மற்றது எண்டு பிரிச்சுத் தரும், கை காலில எவ்வளவு வயித்தில எவ்வளவு எண்டு படத்தோட வரும். வீட்டு மிஷின விட எவ்வளவோ மேல். ஆனா அங்க இருந்த பிள்ளை எனக்குச் சொன்னது என்னெண்டா, அடுத்த முறையும் இதே மிஷினிலதான் எடுக்க வேணும், வேற கம்பெனி மிஷினில எடுத்தா ஒப்பிடேலாது எண்டு. அதிலயும் தண்ணி கூடிக் குறைஞ்சா ஒண்டு ரெண்டு சதம் ஆடும்.

முந்தி தண்ணிக்குள்ள அமத்தி எடை பாக்கிறதுதான் உரைகல்லாம். கொழுப்பின்ர அடர்த்தி 0.9, மற்றதின்ர அடர்த்தி 1.1 எண்டு வச்சு 1961-ல சிரி எண்டவர் போட்ட சமன்பாட்டிலதான் கணக்குப் போடுறது. யோசிச்சுப் பாருங்கோ, உயிரோட இருக்கிற ஒருத்தற்ற கொழுப்பை நேராத் தோண்டி எடுத்து நிறுக்க ஏலாது. எல்லாமே கணக்குத்தான், கணக்கில தரம் வேற, அவ்வளவுதான்.

சேலத்துசைக்கிள்:
டெஸ்ட் பண்ணிட்டேன். சாக்ஸ் போட்டா வெயிட் மட்டும் காட்டுது, ஃபேட் வரல, அதனால கரண்ட் விடுதுதான். ஆனா வயச 60-னு மாத்தினேன், 24.3 இருந்தது 29-க்கு மேல போச்சு. அஞ்சு நிமிஷத்துல எனக்கு அஞ்சு பர்சன்ட் கொழுப்பு ஏறிடுச்சு.

ஓம்விதி:
வயசு ஏறினா தசை குறைஞ்சு கொழுப்பு ஏறும், அது பொதுவா உண்மைதான், அதனால பெரும்பாலான ஃபார்முலாவுல வயசு இருக்கும், அதையே மோசடின்னு சொல்லிட முடியாது. ஆனா உங்க நம்பர்ல எவ்ளோ உங்க உடம்பு, எவ்ளோ உங்கள மாதிரி ஆளுங்களோட சராசரின்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். அந்த ஆப்ல வர்ற விசெரல் ஃபேட் 9, மெட்டபாலிக் ஏஜ் 41 மாதிரி எண்ணெல்லாம் இதுக்கும் மேல ஒரு படி. குடலச் சுத்தி இருக்கற கொழுப்ப உண்மைல பாக்கணும்னா சிடியோ எம்ஆர்ஐயோ வேணும், கால்ல விட்ட கரண்ட் அங்க எட்டிக்கூடப் பாக்காது.

கணக்குவாத்தியார்:
தம்பி, டேப் இருக்கா? தொப்புள் நேரா இடுப்புச் சுத்தளவும், குரல்வளைக்குக் கீழ கழுத்துச் சுத்தளவும் எடுத்துப் போடுங்க. வயித்த எக்காதீங்க, சாதாரணமா மூச்ச விட்டுட்டு எடுங்க. ஆரம்பத்துல எடுத்த அளவு இருந்தா அதுவும்.

சேலத்துசைக்கிள்:
இப்ப இடுப்பு 98, கழுத்து 38. சேரும்போது ட்ரெய்னர் ஒரு அட்டைல எழுதிக் குடுத்தாரு, அதுல இடுப்பு 103, கழுத்து அதே 38.

கணக்குவாத்தியார்:
அஞ்சு சென்டிமீட்டர் போயிருக்கு! இதச் சொல்லாம பாயிண்ட் மூணுக்கு வருத்தப்பட்டுகிட்டு இருக்கீங்க. எடை ஒரு கிலோதான் குறைஞ்சிருக்கு, இடுப்பு இவ்ளோ இறங்கிருக்குன்னா வயித்துக் கொழுப்பு போய் வேற எடத்துல தசை ஏறிருக்குன்னு அர்த்தம். அமெரிக்கக் கடற்படைல டேப்ப வச்சு கொழுப்பு கணக்குப் போடற முறை ஒண்ணு 1984-ல இருந்து இருக்கு, இடுப்பு, கழுத்து, ஹைட் மூணும் போதும், பொம்பளைங்களுக்கு பின்பக்கச் சுத்தளவும் சேரும். அதுல உங்களுக்கு அப்ப 29.6, இப்ப 26.6. அந்த 26.6-ம் நூத்துக்கு நூறு சரின்னு நான் சொல்ல மாட்டேன், அதுவும் ஃபார்முலாதான். ஆனா மூணு பர்சன்ட் இறக்கம் உங்க இடுப்புல நிஜமா நடந்த மாற்றத்துல இருந்து வருது.

பளுதூக்கி_மதுரை:
தோலக் கிள்ளி அளக்கற கேலிபரும் நல்லது ப்ரோ, விலையும் கம்மி. ஆனா கை பழகணும், ஆளுக்கு ஆள் கிள்ளறது மாறும், அதனால எப்பவும் ஒரே ஆள் எடுக்கணும். நான் அத பர்சன்டேஜா மாத்தறதே இல்ல. வயிறு, தொடை, நெஞ்சு மூணு எடத்து மில்லிமீட்டரக் கூட்டி எழுதிடுவேன், அந்தக் கூட்டுத்தொகை இறங்குதான்னு மட்டும் பாப்பேன்.

நைட்டூட்டி_நர்ஸ்:
எல்லாம் படிச்சேன். ஜிம் 29.5 தப்பா இருக்கும்னு யாரும் ஒதுக்கிட வேண்டாம், நம்ம ஆளுங்களுக்கு அது உண்மையாவும் இருக்கலாம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு பக்கத்துக்குப் போட்டிருந்தாங்க, ரெண்டு பேரோட போட்டோவோட. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, அச்சு அசலா ஒண்ணு. டெக்சாவுல வெள்ளைக்காரர் கொழுப்பு 9.1 சதம், இந்தியர் 21.2 சதம். அதாவது ஒல்லியாத் தெரிஞ்சாலும் உள்ள கொழுப்பு. வெள்ளைக்காரங்கள வச்சு செஞ்ச ஃபார்முலா நம்மளப் பாத்து கம்மியா சொல்லும்னு நெனைக்க இதுல காரணம் இருக்கு.

அதனாலதான் நமக்கு இடுப்பளவு எல்லையே வேற வச்சிருக்காங்க, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. பிஎம்ஐயும் 23-லயே அதிக எடைன்னு எடுத்துக்கறாங்க, 25-ல உடல் பருமன். தம்பி 103-ல இருந்து 98 வந்திருக்கீங்க, ரொம்ப நல்ல விஷயம், 90-க்குக் கீழ போகணும். 24-ஆ 29-ஆன்னு அலையறதுக்கு பதிலா சுகர், கொலஸ்ட்ரால், பிபி ஒரு தடவ செக் பண்ணிட்டு வாங்க, வீட்ல யாருக்காவது சுகர் இருந்தா கண்டிப்பா.

கோவைகிட்ட:
அப்ப ஸ்கேலத் தூக்கிப் போட்ரலாமுங்களா?

ஓம்விதி:
எதுக்கு? வெயிட்ட அது நல்லாத்தான் காட்டும், அதுல சந்தேகமே வேணாம். தினம் காலைல ஏறி, ஒரு வாரத்து எடைய சராசரி எடுத்து அடுத்த வாரத்தோட ஒப்பிடுங்க. ஃபேட் நம்பரையும் அதே மாதிரி சராசரியாப் பாருங்க, மாசக்கணக்குல ஒரே பக்கமாப் போனா அதுல அர்த்தம் இருக்கு. மெஷின மட்டும் நடுவுல மாத்தாதீங்க, மாத்தினா பழைய நம்பரோட ஒப்பிடறத அன்னிக்கே நிறுத்திடணும். தசை அதிகமா இருக்கறவங்களுக்கு அத்லீட் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அது வேற ஃபார்முலா, ஆன் பண்ணின உடனே பர்சன்டேஜ் தடால்னு இறங்கும், அதப் பாத்து மயங்கிடாதீங்க.

தேன்கூடு:
டேப் எடுக்கறது வாரம் ஒரு தடவ போதும், ஒரே டேப், தையல்கடைத் துணி டேப் நாளாக நாளாக நீளும்னு கொஞ்சம் பாத்துக்கோங்க. அப்புறம் தூக்கற வெயிட் ஏறுதா, மாடிப்படி மூச்சு வாங்காம ஏற முடியுதான்னும் எழுதுங்க, அதுக்கெல்லாம் எந்த ஆப்பும் மார்க் போடாது.

சேலத்துசைக்கிள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இனி இடுப்பளவும் வார சராசரி எடையும்தான் எழுதப் போறேன், ஜிம் மெஷின மூணு மாசத்துக்கு ஒரு தடவ காலைல வெறும் வயித்துல ஏறிப் பாப்பேன். பிளட் டெஸ்டும் இந்த வாரமே. கடைசியா ஒரு கேள்வி. அப்பாவும் தினம் அந்த ஸ்கேல்ல ஏறி வெயிட் பாக்கறாரு, அவருக்கு ஹார்ட்ல பேஸ்மேக்கர் வச்சிருக்கு. கரண்ட் விடும்னு இப்பத்தான் தெரியுது. பிரச்சனை இல்லையே?

நைட்டூட்டி_நர்ஸ்:
தம்பி, இன்னிக்கே நிறுத்துங்க. கரண்ட் ரொம்பக் கம்மிதான், இதுவரைக்கும் ஏறினதுக்கு பயந்துக்க வேண்டாம், ஆனா பேஸ்மேக்கர் மாதிரி கருவி உள்ள வச்சவங்க இத யூஸ் பண்ணக் கூடாதுன்னு இந்த வகை மெஷின் எல்லாத்தோட மேனுவல்லயும் எழுதிருக்கும். கர்ப்பிணிங்களும் வேண்டாம். வெயிட் மட்டும்தான பாக்கறாருன்னு நெனைக்காதீங்க, வெறுங்கால்ல ஏறினாலே அது தானா கரண்ட் விட்டுடும், ஆப்ல அவர் பேர் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. ஸ்கேல உங்க ரூம்ல வச்சுக்கோங்க, அவருக்கு முள்ளு வச்ச சாதா வெயிட் மெஷின் ஒண்ணு தனியா வாங்கிக் குடுங்க. அடுத்த செக்கப்புக்குப் போறப்ப கார்டியாலஜிஸ்ட்கிட்ட இத ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

சேலத்துசைக்கிள்:
ஸ்கேல மேல எடுத்து வச்சுட்டேன் அக்கா. சாயங்காலம் கடைக்குப் போறேன்.